முன்னால் அரைத்தது

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த டைரி பொங்கலுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் இவருக்குக் கொடுத்தது. ஏழு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் கேழ்வரகு வறுக்கிற வீடியோவை இன்ஸ்டாவில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் என்னைத் தெரிந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். இத்தனைக்கும் அதில் என் முகம்கூட இல்லை, கையும் கரண்டியும்தான்.

வாட்ஸ்அப்பில் ஐம்பத்தெட்டுப் பொட்டலத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது. வழக்கமாக வாரம் பதினைந்து போனால் பெரிய விஷயம். 'கனி சத்துமாவு' என்று யார் யாரோ எழுதுகிறார்கள். ஒன்பது வருஷம் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டினேன், ஒருத்தருக்கும் என் பேர் சண்முகக்கனி என்று முழுசாகத் தெரியாது.

ஆர்டரையெல்லாம் அன்னசெல்வி போட்டுக்கொடுத்த மென்பொருளில் ஏற்றினேன். அன்னசெல்வி இவருடைய தங்கை, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறாள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தனக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாமாம் அந்த மென்பொருளை, விலையும் கிடையாது. அவளும் அவள் கூட்டாளிகளும் உட்கார்ந்து எனக்காகத் தமிழில் மாற்றினார்கள். எந்த நாள் அரைத்த மாவு, எந்தப் பொட்டலம், எந்த வீட்டுக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். 'எனக்கு முன்னால் மில்லில் என்ன அரைத்தார்கள்' என்று ஒரு கட்டம்கூட வைத்திருக்கிறாள். அதை நிரப்பாமல் விட்டால் மேலே போக விடாது.

"கலெக்டர் ஆபீஸ் மாதிரில்லா கேள்வி கேக்கு" என்றேன் அப்போது.

"எழுதிப் போடுங்க மதினி. ஒருநாள் உதவும்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருபக்கம் பயம். நாற்பதாயிரம் கண் என்றால் சும்மாவா?

ஆகஸ்ட் 6, புதன்

ரத்தினசாமி அண்ணாச்சி மில்லில் காலை ஒன்பதுக்கே கூட்டம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சாக்கை இறக்கிவிட்டு, எல்லாரும் கேட்பதையே நானும் கேட்டேன். "மொளகா அரைச்சீகளா அண்ணாச்சி?"

"மொளகாயெல்லாம் இல்லம்மா. பலகாரக் கடைக்காரர் நிலக்கடலையும் அரிசியும் கலந்து அரைச்சிட்டுப் போனாரு. வாசமாத்தான் இருக்கும், நீ தட்டு."

எங்கள் ஊரில் மில்லுக்குப் போகிற எல்லாருக்கும் இந்த முறை தெரியும். மிஷினுக்குள் முன்னால் அரைத்தவருடைய மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் நம் தானியத்தில் முதலில் விழுகிற ஒரு படியைத் தனியாகப் பிடித்துக் கோலத்துக்கு வைத்துக்கொள்வோம். அடுத்து விழுவதுதான் வாய்க்கு. வழக்கம்போல முதல் படியை ஒதுக்கினேன்.

வீட்டுக்கு வந்து நிறுத்தேன். சரியாக ஐம்பத்தெட்டுப் பொட்டலம். ஒரு கரண்டி கூடவுமில்லை, குறையவுமில்லை. முப்பத்தொன்றாவது அரைப்பு என்று பதிந்தேன். முன்னால் அரைத்தது: நிலக்கடலை, அரிசி.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாள் முழுக்க ஒட்டியும் கட்டியும் இடுப்பு ஒடிந்தது. சாயங்காலம் ஐந்துக்குக் கூரியர்காரர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்.

கோயம்புத்தூர் மிருணாளினிக்கு ஒரு பொட்டலம். ஜூன் மாதமே ஒருதடவை வாங்கினாள். அதற்கு முன் எத்தனை கேள்வி! அவள் பையன் ஆதவுக்குப் பதினாலு மாதம். நிலக்கடலை ஆகாதாம். ஒருமுறை கடலை பட்ட கையால் யாரோ பிஸ்கட் ஊட்டி, மூச்சுத் திணறி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். "உங்க மாவுல கடலை இருக்காக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடலை மிட்டாய் தின்றே வளர்ந்த ஊர் இது. பல் முளைக்காத பிள்ளை வாயிலும் பாகைத் தடவுவோம். கடலை ஆகாத பிள்ளை என்று ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை.

"போடவே மாட்டேம்மா. எம்பிள்ளைக்குச் செய்யுத மாதிரிதான் செய்யுதேன்" என்று சொல்லியிருந்தேன். இந்தத் தடவையும் அவள் பொட்டலத்தில் 'கடலை இல்லை' என்று மார்க்கரில் பெரிதாக எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. மார்க்கர் காய்ந்துபோயிருக்கிறது, புதிது வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மகள் நிவேதா கோலப்பொடி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். "ஏம்மா, மில்லுல இருந்து கோல மாவு கொண்டாரலையா?" ஒன்பது வயசுக்கு இவளுக்கு இல்லாத கேள்வி இல்லை. கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தலைவலி.

ஆகஸ்ட் 9, சனி

காலை பத்தரைக்கு தூத்துக்குடியிலிருந்து ஒரு படம் வந்தது. ஒரு கைக்குழந்தையின் முகம். வாயைச் சுற்றித் திட்டுத் திட்டாகச் சிவந்து, மேலுதடு வீங்கியிருந்தது. கீழே எழுதியிருந்தாள் அந்தத் தாய்: "கஞ்சி குடுத்து அரைமணி நேரத்துல இப்படி ஆச்சு. டாக்டர் மருந்து குடுத்தாங்க, இப்ப இறங்கிட்டு. இதுல என்னவெல்லாம் போட்டிருக்கீங்க?"

கேழ்வரகு, கம்பு, அரிசி, பாசிப்பயறு, ஏலக்காய் என்று அனுப்பினேன். வேர்க்குருவாக இருக்கும், கொசுவாக இருக்கும் என்றும் எழுதினேன். தூத்துக்குடியில் கொசு இல்லாமலா?

சோறு குழைந்துவிட்டது. அன்னசெல்விக்குப் போன் போட்டேன்.

"எந்த அரைப்பு மதினி? அந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கீங்கன்னு பாத்தீங்களா?"

"பாக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். முப்பத்தொன்றாவது அரைப்பில் கொஞ்சம் தப்பாக எழுதியிருந்தேன் போல. 'பச்சரிசி' என்று திருத்திவைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மீன் வாங்கிவந்து கொடுத்தார் இவர். உரசி, கழுவி, குழம்பும் வைத்துவிட்டேன். சாப்பிட முடியவில்லை.

கூரியர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மிருணாளினி பொட்டலம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு விடுமுறை, நாளை வீட்டுக்குப் போகும்.

இவரிடம் சொன்னேன், பாதியை மட்டும். மில்லில் நமக்கு முன்னால் கடலை அரைத்தார்கள், கோவை பிள்ளைக்குக் கடலை ஆகாது என்று மட்டும்.

"ஏளா கனி, மிஷின்ல ஒட்டினது எம்புட்டு இருக்கப் போவுது? ஊரு பூரா அதே மில்லுலதான் அரைக்கு. நீயா போய் வாயைக் குடுத்தியன்னா, நாற்பதாயிரம் பேரும் காறித் துப்புவான். ஒருவாரம் பேசாம இரு."

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஒட்டியிருந்தது கொஞ்சம்தானே. முதல் படியை ஒதுக்கிவிட்டால் அப்புறம் ஒன்றுமே இருக்காது. ஒதுக்கிவிட்டால்.

பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள். காலை 9.20

'டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது' என்று காட்டுகிறது. அவளுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். "மிருணாளினிம்மா, இந்தப் பொட்டலத்துல தேதி தப்பா ஒட்டிட்டேன். பிரிக்காதீங்க. வேற அனுப்புதேன்." இப்படிச் சொன்னால் போதும். அவளும் பிரிக்கமாட்டாள், நமக்கும் கெட்ட பேர் இல்லை. ஏன் நேற்றே தோன்றவில்லை?

10.05

பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"அய்யோ தேதிதானுங்களேக்கா, அதுக்குப் போயி இன்னொன்னு அனுப்பணுமா? இப்பத்தான் வந்துச்சு. போன தடவை மாவு தீந்ததுல இருந்து ஆதவ் சரியாவே சாப்பிடறதில்லைங்க. அத்தைகிட்டக் குடுத்துட்டேன், அவன் தூங்கி எந்திரிச்சதும் கஞ்சி காய்ச்சறேன்னாங்க. எனக்கு வீட்டுல இருந்தே ஆபீஸ் மீட்டிங் இருக்குது, அப்பறமா பேசறேனுங்க்கா."

போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆறு தடவை போட்டேன். 'கடலை இருக்கு, குடுக்காதீங்க' என்று மெசேஜ் போட்டேன், பார்க்கவில்லை. நான் தேதி என்று சொல்லியிருக்காவிட்டால் அவள் கொஞ்சமாவது யோசித்திருப்பாள். பொய் சொல்லி நானே அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன்.

12.50

நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதையும் நாளைக்கு நானே திருத்திவிடுவேன்.

பத்தேகாலுக்கு அன்னசெல்வி வந்தாள். சனிக்கிழமை நான் போனை வைத்த விதம் சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நேராக லேப்டாப்பைத் திறந்து முப்பத்தொன்றாவது அரைப்பைப் பார்த்தாள். அந்த மென்பொருளில் ஒன்றை அழித்துவிட்டு வேறு எழுதினால் பழையதும் உள்ளே அப்படியே இருக்குமாம், எழுதிய நாளும் நேரமுமாக. எனக்குத் தெரியாது. திரையில் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. நிலக்கடலை, அரிசி. பச்சரிசி.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "மதினி, முதல் படியை எடுத்தீங்களா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

எடுத்தேன். தனி டப்பாவில் பிடித்து வீட்டுக்குக் கொண்டும் வந்தேன். நிறுத்துப் பார்த்தபோது இரண்டு பொட்டலத்துக்கு மாவு குறைந்தது. மறுநாள் கூரியர் வரும். மறுபடி தானியம் கழுவி, காயவைத்து, வறுத்து, மில்லுக்குப் போக நேரமில்லை. ஐம்பத்தெட்டு பேரில் ஒருத்தருக்குக்கூட 'இல்லை' என்று சொல்ல மனசில்லை. அந்த டப்பாவைத் தூக்கி மாவில் கொட்டிக் கலந்தேன். கொட்டும்போது கடலை வாசம் மூக்கில் ஏறியது. மிருணாளினி ஞாபகமும் வந்தது. வந்தும் கொட்டினேன்.

இதை அவளிடம் சொல்லும்போது மணி பத்து இருபது.

அன்னசெல்வி அட்டவணையில் மிருணாளினியின் விலாசத்தை எடுத்துத் தாளில் எழுதினாள். கோவையில் இருக்கிற தன் மென்பொருள் கூட்டாளிகளுக்குப் போன் போட ஆரம்பித்தாள். ஒருவர் ஊரில் இல்லை, இன்னொருவர் உக்கடத்தில், வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். "மதினி, நாற்பதாயிரம் பேரு இருக்காகல்லா. வீடியோவுல பேசுங்க. முகத்தைக் காட்டிப் பேசுங்க."

முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துப் பேசினேன்.

"நான்தான் கனி. என் மாவுல நிலக்கடலை கலந்திருக்கு. மில்லுல முதல்ல விழுந்த மாவை நாந்தான் தெரிஞ்சே கலந்தேன். முப்பத்தொன்னு நம்பர் போட்ட பொட்டலத்தை யாரும் பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க. கடலை ஆகாத ஒரு பிள்ளை கோயம்புத்தூர் சரவணம்பட்டியில இருக்கான். அவங்க அம்மா போன் எடுக்கல. பக்கத்துல யாராவது இருந்தா உடனே எனக்கு எழுதுங்க. கால்ல விழுந்து கேக்கேன்."

அனுப்பிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அன்னசெல்வி பாட்டுக்கு அட்டவணையை வைத்துக்கொண்டு மற்ற ஐம்பத்தேழு பேருக்கும் ஒவ்வொருவராக மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தாள். வீடியோவின் கீழே 'பாவி', 'நீயெல்லாம் ஒரு தாயா' என்று வந்து விழுந்தபடி இருந்தது. நடுவில் ஒன்று: "அக்கா நான் ரெஜினா, சரவணம்பட்டியில பிளவுஸ் தைக்கிறேனுங்க. எந்த வீடுங்க?"

விலாசத்தை அனுப்பினோம். "ரெண்டு தெரு தள்ளித்தானுங்க" என்று எழுதினாள். அப்புறம் ஒன்றுமில்லை.

பதினொன்றும் ஆனது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட இப்படிக் கும்பிட்டதில்லை. பதினொன்று பதினெட்டுக்கு ரெஜினாவின் குரல் வந்தது. ஓடி வந்த மூச்சிரைப்பு அடங்கவே இல்லை.

"அக்கா, பெல்லடிச்சேனுங்க. பாட்டியம்மா கிண்ணத்தோட வந்து கதவைத் தொறந்தாங்க. சூடு பாத்துட்டுப் பையனுக்கு ஒரு வாய் வச்சுட்டாங்களாமா. பையனுக்கு ஒதடு தடிச்சுப் போச்சுங்க. நான் கடலைன்னு சொன்னேன், பையனோட அம்மா உள்ள இருந்து ஓடி வந்து தூக்கிட்டு... என்ற வண்டியிலதான் கூட்டிட்டுப் போறேனுங்க. ஆஸ்பத்திரி பக்கந்தானுங்க. வேண்டிக்குங்க்கா."

இப்போது மணி ஒன்றாகப் போகிறது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

3.30

ரெஜினா எழுதியிருக்கிறாள். "ஊசி போட்டாங்க. மூச்சு சீராயிடுச்சுங்க. நாளைக்கு வரைக்கும் வச்சுப் பாப்பாங்களாமா. என்ன சாப்பிட்டான்னு வாசல்லயே சொன்னதால உடனே மருந்து குடுக்க முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாருங்க."

அன்னசெல்வி மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த நிவேதா பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூத்துக்குடிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "கொசுன்னீங்களே" என்றாள் அந்தப் பெண். போனை வைத்துவிட்டாள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டில் ஐம்பத்தாறு பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திருச்சியிலும் நாகர்கோவிலிலும் இரண்டு பேர் இன்னும் பார்க்கவில்லை. அரைமணிக்கு ஒருதடவை போன் போடுகிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

திருச்சி எடுத்தாள். மதியம் நாகர்கோவிலும் எடுத்தாள். இரண்டு பேருமே பிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இந்த வாரம் ஒரு ஆர்டரும் இல்லை. சந்தையில் ஒருத்தி என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள்.

"பிள்ளைதான் பிழைச்சிட்டாம்லா. அந்த வீடியோவ அழிச்சிரு. ஒரு மாசம் போனா எல்லாரும் மறந்துருவாக. புதுப் பேர்ல தொடங்கு" என்கிறார் இவர். அவருக்கும் கம்பெனியில் கேலி. மனுஷன் வெளியில் சொல்லவில்லை, லேபிள் ஒட்டுகிறவள் ஒருத்திதான் வந்து சொன்னாள்.

அழி என்கிற இடத்தில் விரலை வைத்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. நிச்சயமாகத் தெரியவில்லை, மூடிவைத்துவிட்டேன்.

மிருணாளினிக்கு மன்னிப்புக் கேட்டு நான்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒரு எழுத்து பதில் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மில்லுக்குப் போனேன். மூன்று ஆர்டர். அதில் ஒன்று ரெஜினாவுடையது, அவள் அக்கா பிள்ளைக்கு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"மொளகா அரைக்கலம்மா" என்றார் அண்ணாச்சி, நான் கேட்கும் முன்பே.

"மொளகா இல்லன்னா வேற என்ன அரைச்சீக அண்ணாச்சி? அதுக்கு முன்னாடி என்ன?"

முறைத்தார். அவரும் வீடியோ பார்த்திருப்பார். பிறகு சுவர்ப் பக்கம் கையை நீட்டினார். அங்கே ஒரு சிலேட்டு தொங்கியது. காலையிலிருந்து மாவு மிஷினில் அரைத்ததையெல்லாம் வரிசையாகச் சாக்பீஸில் எழுதியிருந்தார். கடைசியாகப் பலகாரக் கடை நிலக்கடலை. சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கு மிஷினைக் கழற்றிக் கழுவித் தருகிறாராம். முதல் ஆளாகப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முதல் ஆளாகப் போனேன். முதல் இரண்டு படியை ஒதுக்கி, மில்லிலேயே கோலப்பொடி டப்பாவில் கொட்டி மூடினேன். நிவேதாவைச் சாட்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அரைமணி தாமதம், டீச்சர் திட்டினார்களாம். பொட்டலத்தில் புதிதாக இரண்டு வரி அடித்து ஒட்டினேன். 'எனக்கு முன்னால் அரைத்தது: ஒன்றுமில்லை. இதே மில்லில் நிலக்கடலையும் அரைப்பார்கள்.' அன்னசெல்வி ஒரே நிமிஷத்தில் மென்பொருளிலிருந்தே அது வரும்படி செய்துகொடுத்தாள்.

இனி 'கடலை இல்லை' என்று யாருக்கும் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மிருணாளினி பேர். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்தேன்.

"அக்கா."

"சொல்லும்மா. பிள்ளை எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கானுங்க. உங்க மேல எனக்கு இன்னும் கோவம் அடங்கலைங்க. இனிமே உங்ககிட்ட ஒருநாளும் வாங்க மாட்டேன்."

"வாங்காதம்மா" என்றேன்.

அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. தட்டட்டும், இன்னும் தட்டட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ற பையன மாதிரி கடலை ஆகாத பசங்களோட அம்மாங்க ஒரு குரூப்ல இருக்கறோமுங்க. மில்லுல முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கேக்கணும்னு எங்க யாருக்குமே தோணினதில்லைங்க்கா. உங்க வீடியோவத்தான் எல்லாருக்கும் அனுப்பிட்டு இருக்கறோம். நேத்து ஒருத்தி எழுதியிருந்தா, இந்த அக்கா எப்படியும் அழிச்சுருவாங்கன்னு. அழிச்சராதீங்க."

வைத்துவிட்டாள்.

இவர் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டுவிட்டு, அவர் எதிரிலேயே போனைத் திறந்தேன். வாராத தலையும் துண்டுமாக அழுதுகொண்டு நிற்கிற அந்த வீடியோவை, என் இன்ஸ்டா பக்கத்துக்குள் யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்துக்கு ஏற்றினேன். கேழ்வரகு வறுக்கிற வீடியோ அதற்குக் கீழே போனது.

இவர் எட்டிப் பார்த்தார். "மோர் ஊத்து" என்றார்.